காலை ஐந்தரை மணிக்கு ஒரு நாற்காலி

பெரியவரின் மகள்தான் முதலில் போன் செய்தார். "மேடம், அப்பாவால சோபாவை விட்டு எழுந்திருக்கவே முடியலை. பட்டனை அமுக்கினா தூக்கிவிடுற சோபா ஒண்ணு வருதாமே, வாங்கிடலாமா?" வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்த்துவிடுகிறேன் என்றேன். நான் ஆக்குபேஷனல் தெரபி படித்தவள். நோயாளி தன் வீட்டில், தன் பொருள்களோடு எப்படிப் புழங்குகிறார் என்று பார்த்து அதற்கு ஒரு வழி செய்வதுதான் என் வேலை. இப்படி ஒரு தொழில் இருப்பதே பலருக்குத் தெரியாது, பிசியோதெரபிஸ்ட் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது கிடக்கட்டும்.

வீடு சென்னை அயனாவரத்தில். சொந்த வீடு, தரைத்தளம், பழைய சிவப்பு ஆக்ஸைடு தரை, கூடத்தில் ஊஞ்சல். பெரியவருக்கு வயது 71. ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ரயில் பெட்டிக்குள் இருக்கையும் பலகையும் பொருத்தும் வேலையில் 35 வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்கின்சன் நோய் என்று உறுதியாகி எட்டு வருடம் ஆகிறது. வலது கையில் ஆரம்பித்த நடுக்கம் இப்போது பெரிய தொல்லை இல்லை. உடம்பு இறுகிப்போவதும், ஒவ்வொரு அசைவும் தாமதமாவதும், நடக்கும்போது திடீரென்று கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவதும்தான் பாடாய்ப் படுத்துகின்றன. இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை காலை 6.30, 11, மதியம் 3.30, இரவு 8 என்று நான்கு வேளை. அவர் மனைவிக்கு 66 வயது, முழங்கால் வலிக்காரர். நான் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். கணவரைத் தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று மாதத்தில் பெரியவர் ஐந்து தடவை விழுந்திருந்தார். கட்டிலருகே மூன்று, பாத்ரூம் வாசலில் ஒன்று, ஊஞ்சலருகே ஒன்று.

ஒரே வீட்டைப் பற்றி இத்தனை நீளமாக எழுத வேண்டுமா என்று கேட்கலாம். 1817ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை முதன்முதலில் விவரித்து எழுதியபோது அவர் கையில் இருந்ததும் ஆறே பேரின் கதைதான். அதிலும் சிலர் லண்டன் தெருவில் கண்ணில் பட்டவர்கள். நான் பார்த்தது ஒருவரை. அதுவும் முதல் தடவை தப்பாகப் பார்த்தேன். எழுதுவதற்கு அதுவே காரணம்.

முதல் நாற்காலி

நான் போன நேரம் பகல் 11.45. பெரியவர் எழுந்து வந்து கதவைத் திறந்தார். "இவருக்கா எழுந்திருக்க முடியலை?" என்றுதான் தோன்றியது. சோபாவின் உயரம் 15 அங்குலம், உட்கார்ந்தால் ஸ்பாஞ்சு அமுங்கி 12 ஆகிவிடுகிறது. அதில் சாய்ந்து உட்கார்ந்த எவரும் எழச் சிரமப்படுவார்கள்.

எழுந்திருப்பதை நாம் யோசித்துச் செய்வதில்லை. ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பாதம் முழங்காலுக்குப் பின்னால் வர வேண்டும். பிறகு மூக்கு கால் விரல்களைத் தாண்டும் அளவுக்கு உடம்பு முன்னால் குனிய வேண்டும். அப்புறம்தான் கால் தரையை உந்தும். பார்க்கின்சன் நோயில் இந்த வரிசை குலைந்துபோகிறது. பாதத்தை முன்னால் வைத்தபடி நேரே மேலே எழப் பார்ப்பார்கள், பொத்தென்று பின்னால் விழுவார்கள். ஆழமான சோபா உடம்பைக் குனியவே விடாது. கீழே மூடியிருக்கும் சோபா பாதத்தைப் பின்னால் இழுக்க விடாது.

அளந்தேன். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை 16½ அங்குலம். 17 அங்குல நாற்காலியிலிருந்து கையை ஊன்றி ஒரே முயற்சியில் எழுந்துவிட்டார். அரை அங்குலம் கூடுதலாக வைத்து 17½ என்று முடிவு செய்தோம். பெரியவரே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் படம் போட்டார். கோடு கொஞ்சம் நடுங்கியது, அளவு நடுங்கவில்லை. பக்கத்துத் தெரு ஆசாரி இடித்த வீட்டு ஜன்னல் சட்டங்களிலிருந்து தேக்கு எடுத்துக்கொண்டு வந்தார். கூலியும் மரமும் சேர்த்து 6,800 ரூபாய். எனக்கு ஒரே திருப்தி.

நான்காம் நாள் விடிகாலையில் அம்மாவிடமிருந்து போன். "டாக்டரம்மா, நாற்காலியோட சாஞ்சிட்டாரு." நான் டாக்டர் இல்லை என்று அவரிடம் பல தடவை சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு அதைச் சொல்லும் முகம் எனக்கு இல்லை. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

மறுநாள் ஆட்டோ பிடித்து 5.15க்கே அங்கே போய் நின்றேன். நான் பார்த்தது வேறொரு மனிதர். முகத்தில் அசைவில்லை, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நான்கடி தூரம், அதற்குப் பல நிமிடம் பிடித்தது. காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. முந்தைய இரவு எட்டு மணி மாத்திரையின் வேகம் எப்போதோ அடங்கியிருந்தது. நோய் தொடங்கிய காலத்தில் ஒரு மாத்திரையின் பலன் அடுத்த வேளை வரை நீளும். வருடங்கள் போகப்போக அது சுருங்கும். வேலை செய்யும் நேரம், செய்யாத நேரம் என்று நாள் துண்டுதுண்டாகிவிடும். இது எனக்குத் தெரியாததா? படித்ததுதான், பலருக்குச் சொன்னதும்தான். ஆனால் அளக்க இஞ்ச் டேப்பை எடுத்தது பதினொன்றே முக்காலுக்கு. அந்த நாற்காலி மாத்திரை வேலை செய்யும் ஆளுக்குச் செய்தது. அந்த ஆளுக்கோ புது நாற்காலியே தேவையில்லை.

அன்று ஐந்தரைக்கு மறுபடி அளந்தேன். 17½ அங்குலத்தில் ஐந்து முயற்சி, எழ முடியவில்லை. மேலே தடித்த பலகை ஒன்றை வைத்து 19½ ஆக்கியதும் மூன்றாவது முயற்சியில் எழுந்தார். விழுந்தது எப்படி என்றும் புரிந்தது. எழும்போது இடது கை ஊன்றவில்லை, எதையாவது பிடிக்கத் துழாவுகிறது. வலது கை மட்டும் கைப்பிடியை அழுத்துவதால் நாற்காலியின் இடது கால்கள் தூக்கிக்கொள்கின்றன.

இரண்டாவது நாற்காலி

உயரத்தை மட்டும் கூட்டினால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு, மெதுவாக, ஆனால் அழுத்தமாகச் சொன்னார்: "வண்டி ஓடுறப்ப நிக்கிற ஆளுக்குத்தாம்மா நாங்க கைப்பிடி வெப்போம். நிக்கிற வண்டியில எவனுக்கு வேணும் கைப்பிடி?"

அதற்கப்புறம் வடிவமைப்பு அவர் கைக்குப் போய்விட்டது. நானும் ஆசாரியும் எடுபிடி.

இருக்கை உயரம் 19½. உயரமான இருக்கையில் உட்கார்ந்தால் தொடைக்கு அடியில் விளிம்பு வெட்டும், முன்னால் சறுக்கவும் செய்யும். அதனால் ஆழத்தை 16 அங்குலமாகக் குறைத்து, முன் விளிம்பை இழைப்புளியால் உருட்டிவிட்டார்கள். முழுப் பாதமும் தரையில் படுகிறதா என்று மூன்று வேளையும் பார்த்தோம். முன்னங்கால்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குச்சட்டம் கிடையாது, பாதம் பின்னால் போக வழி வேண்டும். பிணைப்பெல்லாம் பக்கவாட்டிலும் பின்னாலும்தான். கைப்பிடிகள் இருக்கையைத் தாண்டி மூன்று அங்குலம் முன்னால் நீள்கின்றன, முனையில் தேங்காய்க் குடுமி அளவுக்கு ஒரு குமிழ். துழாவும் இடது கைக்கு அந்தக் குமிழ்தான் பதில். கால்கள் நான்கும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து அகலமாக நிற்கின்றன, அடியில் ரப்பர் புஷ். சக்கரம் வைக்கலாமே, தள்ளிக்கொண்டு போகலாமே என்று மகள் கேட்டார். எழுந்திருக்கும் நாற்காலிக்குச் சக்கரம் கூடவே கூடாது.

அகலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாத்திரை உச்சத்தில் இருக்கும் பன்னிரண்டரை மணிவாக்கில் அவர் உடம்பு தன்னிச்சையாக நெளியும், தோள் ஆடும். டிஸ்கைனீசியா என்பார்கள். விடிகாலையில் கல்லாய் இருப்பவரையும் நடுப்பகலில் ஊசலாடுபவரையும் ஒரே நாற்காலி தாங்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு நாற்காலி செய்வதுபோலத்தான்.

மெத்தையில் ஒரு வாரம் வீணாயிற்று. முதலில் ரெக்சின். சென்னை வேர்வையில் வேட்டி ஒட்டிக்கொண்டு இடுப்பை முன்னால் நகர்த்த முடியவில்லை. பிரம்புப் பின்னல் காற்றோட்டம்தான், ஆனால் நாளடைவில் குழிவிழும். வெறும் பலகை சறுக்குகிறது, வலிக்கிறது. கடைசியில் ஒரு அங்குல ரப்பர் தேங்காய்நார் மெத்தை, மேலே துவைக்கக்கூடிய முரட்டுப் பருத்தி உறை.

பெரியவரின் கைவண்ணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காலின் அடியிலும் சதுர இரும்புக் குழாய் உறை போட்டு, அரை அங்குல இடைவெளியில் துளைகள் போடச் சொன்னார். போல்ட்டைக் கழற்றி மாட்டினால் உயரம் கூடும், குறையும். எதற்கு என்று ஆசாரி கேட்டார். "அடுத்த வருஷம் இந்த அளவு பத்தாதுடா" என்றார் பெரியவர். கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கட்டில்

கட்டிலுக்கு அடியில் வீட்டார் ஏற்கனவே செங்கல் வைத்திருந்தார்கள். பல வீடுகளில் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். புரண்டு படுக்கும்போது கட்டில் கால் கல்லை விட்டு நழுவும். அதற்குப் பதில் ஐந்து அங்குலச் சதுர மரக்கட்டைகள் நான்கு செய்தோம். மேலே கட்டில் கால் உட்காரும்படி ஒரு அங்குல ஆழக் குழி. ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஆடாமல் இருக்கும்படி சீவினார்கள். இதே காரணத்துக்காகத்தான் பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டை வைத்து உயர்த்துவதும் ஆபத்து. அதன் கால்கள் விரியும்.

இலவம்பஞ்சு மெத்தை போய்த் தேங்காய்நார் மெத்தை வந்தது. அம்மாவுக்கு வருத்தம்தான், கல்யாணத்துக்கு வந்த மெத்தை. ஆனால் அந்தப் பள்ளத்தில் விழுந்த இடுப்பை ராத்திரியில் புரட்ட அவர்தான் எழுந்திருக்க வேண்டியிருந்தது. புரளுவதற்கு இன்னொரு உபாயம்: விரிப்பின் நடுவில், இடுப்பு வரும் இடத்தில் மட்டும், வழுக்கும் துணி. கடையில் சாட்டின் வாங்கலாம் என்றேன். அம்மா ஒரு பழைய செயற்கைப் பட்டு வேட்டியை மடித்துத் தைத்துவிட்டார். ஓரங்களில் பருத்திதான் இருக்க வேண்டும், இல்லையென்றால் உட்காரும்போது கட்டிலை விட்டே வழுக்கிவிடும்.

மகள் கட்டிலுக்கு நீளக் கம்பித் தடுப்பு கேட்டார். நான் மறுத்தேன். தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தலையோ கழுத்தோ சிக்கிக்கொண்ட விபத்துகள் உலகெங்கும் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அந்த இடைவெளி 120 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று வரையறையே சொல்கிறது. அதற்குப் பதில் கட்டில் சட்டத்தோடு போல்ட் போட்ட ஒற்றைத் தூண், ரயில் பெட்டி வாசலில் இருக்குமே, அதுபோல. அதை எந்த இடத்தில் நிறுத்துவது என்று பெரியவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை, கையை நீட்டிக் காட்டிவிட்டார்.

எழுந்ததும் நடக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்த நோயில் பலருக்கு எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம், குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிவிட்டு, பிறகுதான் தூணைப் பிடிக்க வேண்டும். பாதம் தரையில் படாத உயரத்தில் கட்டில் இருந்தால் இது முடியாது.

சுவரில் கை அழுக்கு

கைப்பிடி எங்கெங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. சுவரைப் பாருங்கள். கூடத்திலிருந்து பாத்ரூம் வரை வெள்ளைச் சுவரில், இடுப்புக்குச் சற்று மேலே, கரியதாக ஒரு தடம் ஓடியது. பாத்ரூம் நிலைக்கு வலப்புறம் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கு. எட்டு வருடமாக அந்தக் கை அங்கே எதையோ தேடிக்கொண்டிருந்திருக்கிறது. அம்மா அதை இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தார்.

அழுக்கு இருந்த இடத்திலெல்லாம் கைப்பிடி வைத்தோம். 32 மில்லிமீட்டர் எவர்சில்வர் பைப், பாரிமுனையில் வாங்கியது. இன்னும் தடிமனாக இருந்தால் விரல் சுற்றிவராது. பழைய செங்கல் சுவரில் பூச்சு உதிரும் என்பதால் செங்கல் வரை துளைத்து ஆங்கர் போல்ட் போட வேண்டியிருந்தது. பாத்ரூமில் துண்டு மாட்டும் கம்பியைக் கழற்றிவிட்டோம். கையெட்டும் தூரத்தில் எது இருந்தாலும் அவசரத்தில் கை அதைப் பிடிக்கும், துண்டுக் கம்பி ஒரு ஆளின் எடையைத் தாங்காது. உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கைப்பிடிகளும் அப்படித்தான், ஈர டைல்ஸில் எப்போது கழன்றுவரும் என்று சொல்ல முடியாது.

ஊஞ்சல்தான் பெரிய வழக்காகிவிட்டது. விழும்போது அவர் பிடித்தது ஊஞ்சல் சங்கிலியை. அது கூடவே வந்தது. கழற்றிவிடுங்கள் என்றேன். "தேக்குப் பலகை, அறுத்து வேற ஏதாவது செஞ்சுக்கலாம்" என்று பெரியவரே சொன்னார். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "என் காலத்துக்கப்புறம் அறுங்க." சரி என்று, பகலில் பலகையைத் தூக்கிச் சங்கிலியோடு உத்தரத்துக் கொக்கியில் மாட்டிவைக்கிறார்கள். சாயங்காலம் இறக்கினால் அம்மா மட்டும் ஆடுகிறார். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். நான் தோற்ற இடம் அது.

இரட்டை இழை

பாத்ரூம் வாசலில் கால் ஒட்டிக்கொள்ளும். சமையலறை வாசலிலும் அப்படியே. ஆனால் பூஜை அறை வாசலில் ஒட்டாது. "அங்க மட்டும் ஜோரா தாண்டிடுவாரு, பகவான் செயல்" என்றார் அம்மா. போய்ப் பார்த்தேன். பூஜை அறைப் படியில் சிவப்புத் தரைமேல் வெள்ளைப் பெயிண்டில் படிக்கோலம். நடக்கும் திசைக்குக் குறுக்கே, பளிச்சென்று கோடுகள்.

குறுக்குக் கோடுகள் இந்த நோயாளிகளுக்கு நடையைத் திறந்துவிடும் என்பது நரம்பியலில் பல காலமாகத் தெரிந்த சங்கதி. தன்னால் நடக்கும் வேலையை மூளையின் அடிப்பகுதி முடிச்சுகள் பார்த்துக்கொள்கின்றன, அங்கேதான் பழுது. கண்ணால் பார்த்து, தாண்ட வேண்டும் என்று எண்ணித் தாண்டும்போது வேலை வேறு வழியாகப் போகிறது என்று விளக்குகிறார்கள். குறுகலான வாசல் நடையை நிறுத்தும், கோடு அதை மீட்கும். அம்மா வருடாவருடம் வரைந்த கோடு தெரியாமலே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை கோடு போட முடிவு செய்தோம். இங்கே மட்டும் அளவை மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் எடுக்க வேண்டும், ஏனென்றால் நமக்கு வேண்டியது அவர் நன்றாக நடக்கும்போது எடுத்துவைக்கும் எட்டின் நீளம். 18 அங்குலம் வந்தது. வாசலைத் தாண்டி உள்ளேயும் ஒரு கோடு, கண் வாசலிலேயே நின்றுவிடாமல் இருக்க. கோலமாவு கூடாது, பளபளத்த தரையில் மாவு வழுக்கும். எனாமல் பெயிண்டுதான்.

நான் ஒற்றைக் கோடாகச் சாக்பீஸில் போட்டுக் காட்டினேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஒத்தை இழை கெட்ட காரியத்துக்குப் போடறதும்மா. வீட்டுல ஆம்பளை நடக்கிற வழியில அதைப் போடுவாங்களா?" துடைத்துவிட்டு அவரே தூரிகையை வாங்கி இரட்டை இழையாகப் போட்டார். இரட்டையாக இருந்ததில் பட்டை அகலமாகி, இரவு விளக்கில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. அந்த விளக்கு ரிச்சி தெருவில் வாங்கியது, ஆள் அசைந்தால் தானே எரியும், பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் கவலையில்லை.

கோடுகள் எல்லா நாளும் வேலை செய்வதில்லை. திரும்பும்போது அவற்றால் பயனே இல்லை, அரைவட்டமாக அகலமாகச் சுற்றித் திரும்பப் பழக்க வேண்டியிருந்தது. களைப்பான நாள்களில் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறார். அப்போது அம்மா "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவார்.

சாப்பாட்டு மேசையில் அதிகம் மாற்றவில்லை. விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு, அடியில் ஈரத்துணி, அரை டம்ளர் காப்பி, சிந்தினால் தாங்க டவரா. நம் பாத்திரங்களே போதும். ஒன்றை மட்டும் நிறுத்தச் சொன்னேன், அண்ணாந்து குடிப்பதை. விழுங்குவது மந்தமாகிவிட்டவருக்குத் தலையைப் பின்னால் சாய்த்துத் தண்ணீரை ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எழுபது வருடப் பழக்கம், இன்னும் சண்டை நடக்கிறது.

கணக்கு

அம்மா பழைய டைரியில் குறித்துவைத்திருக்கிறார். வேலையெல்லாம் முடிந்த பிறகு மூன்று மாதத்தில் இரண்டு தடவை விழுந்தார். ஒன்று தெருவில், ஒன்று ஊஞ்சலருகே. விடிகாலை ஐந்தரைக்கு 30ல் 26 நாள் நாற்காலியிலிருந்து யாரும் தூக்காமல் எழுந்திருக்கிறார். ராத்திரியில் புரட்டிவிட அம்மாவை எழுப்புவது நான்கு தடவையிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. மொத்தச் செலவு, வீணான முதல் நாற்காலியையும் சேர்த்து, 23,400 ரூபாய்.

இதையெல்லாம் மரமும் பெயிண்டும் சாதித்தது என்று சொல்லிவிட முடியாது. நடுவில் நரம்பியல் மருத்துவர் இரவு மாத்திரையை மாற்றினார். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை போடும் பழக்கமும் அப்போதுதான் வந்தது. பருப்பு, பால், முட்டையிலுள்ள புரதம் லெவோடோபாவோடு போட்டிபோட்டு அதை உறிஞ்சவிடாமல் செய்யும். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. வீட்டுக்கு ஆள் வரவழைக்க வசதியில்லாதவர்கள் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் கேட்கலாம். போகும்போது நோயாளி விடிகாலையில் எழ முயல்வதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். வெளிநோயாளி வரிசை நகர்வதற்குள் மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்து, மருத்துவர் முன்னால் அவர் நன்றாக நடந்துகாட்டிவிடுவார்.

போன மாதம் போயிருந்தேன். நாற்காலிக் கால்களின் இரும்பு உறைகள் ஒரு துளை கீழே இறங்கியிருந்தன, அதாவது இருக்கை அரை அங்குலம் உயர்ந்திருந்தது. ஆசாரியை வரவழைத்து அவரே மாற்றிக்கொண்டாராம். இன்னும் எத்தனை துளை இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். "மூணு இருக்கும்மா" என்றார், நான் எண்ணி முடிப்பதற்குள். வாசற்படிக் கைப்பிடிதான் பாக்கி. அந்த இடத்தில் மாடிவீட்டுக்காரரின் ஸ்கூட்டர் நிற்கிறது, பேசிப் பார்க்கிறேன் என்று மகள் சொல்லியிருக்கிறார்.